ரோசா பார்க்ஸ் எந்த சீட்ல உக்காந்தாங்க? மூல ஆவணத்த வச்சு உரிமை வரலாறு நடத்த வாத்தியார்களுக்கு பயிற்சி குடுக்கறது எப்படி

நான் மொத தடவ இந்த பயிற்சி எடுத்தப்ப 64 ஸ்லைடு போட்டு வச்சிருந்தேன். கோத்தகிரி பக்கம் ஒரு ஸ்கூல் ஹால், ஜூலை மாசம், மிஸ்ட்டு இறங்கி எதுத்த கட்டடமே தெரியல, பதினோரு மணிக்கு கரண்ட் போச்சு, புரொஜக்டர் போச்சு, ஆனா என் வாய் மட்டும் நிக்கல, அமெரிக்கா சிவில் ரைட்ஸ் கதைய ரெண்டரை மணி நேரம் மூச்சு விடாம சொல்லி முடிச்சேன். டீ பிரேக்ல வர்க்கிய நனைச்சுக்கிட்டே ஒரு டீச்சர் சொன்னாங்க, "சார் சூப்பரா இருந்துச்சு, பிபிடிய மட்டும் குரூப்ல போட்டு விட்டுருங்க"ன்னு. பாராட்டுன்னு நினைச்சு சிரிச்சுட்டேன். வீட்டுக்கு பஸ் ஏறி உக்காந்தப்பறம்தான் உறைச்சுது, அன்னைக்கு அந்த ஹால்ல ஒருத்தரும் ஒரு ஆவணத்தக்கூட கையில தொடல.

அதுக்கப்பறம் நாலஞ்சு தடவ எடுத்தாச்சு. குறுவள மைய கூட்டத்துல, அதாவது பக்கத்து பக்கத்து ஸ்கூல் வாத்தியாருங்க சேந்து கூடற பயிற்சியில, இத எடுக்கப் போற ஆளுங்க நான் விழுந்த குழியில விழ வேணாம்னு இத எழுதறேன். மெயினா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். வாத்தியார் மொதல்ல அந்த காகிதத்துக்கு முன்னாடி உக்காந்து தானே தப்பா படிச்சு, தானே திருத்திக்கணும், அது நடக்காம அவர கிளாசுக்கு அனுப்பினா அவர் மூல ஆவணத்தையும் பாடப் புத்தகம் மாதிரிதான் ஒப்பிப்பார்.

மூல ஆவணம்னா என்னன்னு அரை மணி நேரம் விளக்காதீங்க. சம்பவம் நடந்த காலத்துலயே, சம்பந்தப்பட்ட ஆளுங்க கையில உருவான லெட்டர், போலீஸ் ரிப்போர்ட், நோட்டீஸ், போட்டோ, கோர்ட்டு காகிதம், அவ்வளவுதான். உங்க ஸ்கூல் அட்மிஷன் ரிஜிஸ்டரும் ஐம்பது வருஷம் கழிச்சு மூல ஆவணம்தான்னு ஒரு வரி சொன்னா எல்லாருக்கும் புரிஞ்சிரும்.

பேக்கெட் ரெடி பண்றதுலதான் பாதி வேலை இருக்கு. நாலு காகிதத்துக்கு மேல வைக்காதீங்க. நான் வைக்கிறது மாண்ட்கமரி பஸ் புறக்கணிப்பு, அமெரிக்காவுல அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி ஊர்ல, பஸ்ல வெள்ளையருக்கு தனி சீட்டு வச்சத எதிர்த்து கறுப்பின மக்கள் பஸ்ல ஏறாம நடத்துன போராட்டம், ஏன்னா அந்தக் கதை எல்லாருக்கும் "தெரியும்". ரோசா பார்க்ஸ்னு ஒரு வயசான அம்மா, தையல் வேலை முடிச்சு களைச்சுப் போயி பஸ்ல வெள்ளக்காரங்க சீட்ல உக்காந்தாங்க, எந்திரிக்க சொன்னப்ப மாட்டேன்னாங்க, உடனே ஊரே கொதிச்சிருச்சு. ஹால்ல கேட்டா இருபது பேர்ல பதினஞ்சு பேரு இப்படித்தான் சொல்லுவாங்க. சொல்லட்டும், போர்டுல அப்படியே எழுதிப் போடுங்க, திருத்தாதீங்க. சாயங்காலம் வரைக்கும் அது போர்டுல இருக்கணும்.

மொத காகிதம் 1955 டிசம்பர் 1-ந் தேதி போட்ட போலீஸ் ரிப்போர்ட். அதுல பஸ் டிரைவர் சொன்னதா போலீஸ் எழுதியிருக்கறது, கறுப்பினப் பெண் ஒருத்தர் வெள்ளையர் பகுதியில உக்காந்துக்கிட்டு பின்னாடி போக மாட்டேங்கிறாங்கன்னு. இத நாலு பேரு குரூப்புக்கு ஒண்ணுன்னு குடுத்துட்டு பத்து நிமிஷம் நீங்க வாய மூடிக்கிட்டு இருக்கணும். இதுதான் முழு பயிற்சியிலயே கஷ்டமான பத்து நிமிஷம், சத்தியமா சொல்றேன். நமக்கு கை பரபரக்கும், யாராவது "சார் இது என்ன"ன்னு கேப்பாங்க, நம்ம வாத்தியார் புத்தி உடனே ஓடும். ஜன்னல் பக்கம் போயி நின்னு மிஸ்ட்ட பாருங்க, பதில் சொல்லாதீங்க. என்ன தெரியுதோ அத மட்டும் எழுத சொல்லுங்க, அர்த்தம் அப்பறம்.

பத்து நிமிஷம் முடிஞ்சதும் ரெண்டாவது காகிதம். இது பஸ்ஸோட வரைபடம், எந்த சீட்டு எங்க, பார்க்ஸ் எங்க உக்காந்திருந்தாங்கன்னு குறிச்சது, பின்னாடி நடந்த கேஸ்ல கோர்ட்டுல தாக்கல் ஆனது. முன்னாடி பத்து சீட்டு வெள்ளையருக்கு ஒதுக்கினது. பார்க்ஸ் உக்காந்தது அதுக்கு அடுத்த வரிசை. அப்ப போலீஸ் ரிப்போர்ட்ல "வெள்ளையர் பகுதி"ன்னு இருக்கறது? இங்கதான் ஹால்ல சத்தம் வரும். ஒரு சார் ரிப்போர்ட் தப்புன்னுவார், இன்னொருத்தர் படம் தப்புன்னுவார், ஒரு டீச்சர் மெதுவா "டிரைவர் சொன்னதத்தான் போலீஸ் எழுதிருக்கு, போலீஸ் பாத்தத எழுதல"ன்னு சொல்லுவாங்க. அந்த வரிக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கணும். முன்சீட்டு நிறைஞ்சு ஒரு வெள்ளக்காரர் நின்னா அடுத்த வரிசையில இருக்கற நாலு பேரையும் எழுப்பறது டிரைவருங்களோட வழக்கம், அதாவது "வெள்ளையர் பகுதி"ங்கிற கோடு டிரைவர் சொன்னா பின்னாடி நகர்ற கோடு. இத நான் ஸ்லைடுல சொன்னப்ப எவரும் நிமிர்ந்து பாக்கல, ரெண்டு காகிதமும் மோதினப்ப அவங்களாவே கண்டுபிடிச்சாங்க.

மூணாவது காகிதம் எனக்கு ரொம்ப பிடிச்சது. பார்க்ஸ் கைதான அன்னைக்கு ராத்திரியே அச்சான நோட்டீஸ். அத எழுதினது ஜோ ஆன் ராபின்சன், அலபாமா ஸ்டேட் காலேஜ்ல இங்கிலீஷ் நடத்துன டீச்சர். கூட வேலை பாக்கற ஒருத்தரையும் ரெண்டு ஸ்டூடண்ட்ஸையும் சேத்துக்கிட்டு காலேஜ் மெஷின்லயே ராத்திரி முழுக்க பல்லாயிரம் காப்பி ஓட்டுனாங்க. சைக்ளோஸ்டைல் தெரிஞ்ச சீனியர் டீச்சர் யாராவது ஹால்ல இருப்பாங்க, ஸ்டென்சில் வெட்டி கையெல்லாம் மை ஆகி கேள்வித்தாள் ஓட்டுன காலத்த அவங்க சொல்ல ஆரம்பிச்சா தடுக்காதீங்க, அந்த அஞ்சு நிமிஷம் வீணில்ல. அதுக்கப்பறம் அந்த நோட்டீஸ்ல கைதான பெண்ணோட பேரு என்னன்னு கேளுங்க. தேடுவாங்க. இருக்காது. "இன்னொரு பெண்"ணுன்னுதான் ஆரம்பிக்குது, ரோசா பார்க்ஸ் பேரே கிடையாது, ஆனா கிளாடெட் கால்வின்னு வேற ஒரு பேரு இருக்கு. யாரு அது? 1955 மார்ச் மாசம், அதாவது பார்க்ஸுக்கு ஒம்பது மாசம் முன்னாடி, அதே ஊர்ல அதே மாதிரி எந்திரிக்க மாட்டேன்னு கைதான பொண்ணு, வயசு 15. நம்ம பத்தாங்கிளாஸ் பொண்ணு வயசு. பின்னாடி பஸ் பிரிவினை சட்டத்த ஒடச்ச கேஸ்ல மனுதாரர் நாலு பெண்கள், அதுல கால்வின் ஒருத்தர், பார்க்ஸ் அதுல இல்ல.

நாலாவது காகிதத்த டீக்கு அப்பறம் எடுங்க. அதே ராபின்சன் மாண்ட்கமரி மேயருக்கு எழுதுன லெட்டர், மரியாதையான பாஷை, நம்ம ஆளுங்க கலெக்டருக்கு மனு எழுதற மாதிரியே. அதுல இருபத்தஞ்சோ அதுக்கு மேலயோ அமைப்புங்க பஸ் புறக்கணிப்பு பத்தி பேசிக்கிட்டு இருக்காங்கன்னு ஒரு வரி வருது. இப்ப தேதிய பாக்க சொல்லுங்க. 1954 மே 21. பார்க்ஸ் கைதாக ஒன்றரை வருஷம் இருக்கு! நான் பாத்த வரைக்கும் இந்த எடத்துல யாராவது ஒருத்தர் தானா எந்திரிச்சு போர்டுகிட்ட போயி "உடனே ஊரே கொதிச்சிருச்சு"ங்கிறத அடிப்பாங்க. பார்க்ஸுக்கு அப்ப 42 வயசுதான், உரிமைக்காக பல வருஷமா வேலை செஞ்ச சங்கத்தோட உள்ளூர் கிளைக்கு செயலாளரா இருந்தவங்கன்னு நீங்க அப்பறம் சேத்துக்கங்க. புறக்கணிப்பு 381 நாள் ஓடிச்சு, 1956 டிசம்பர் 20-ல முடிஞ்சுது, இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை.

கேள்வி என்ன கேக்கணும்னு நிறைய ஃபார்மட் இருக்கு. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பார், யோசி, கேள்ன்னு மூணு கட்டமா வச்சிருக்கு, அது எட்டாவதுக்கு கீழ இருக்கற பசங்களுக்கு நல்லாவே வேலை செய்யுது. பெரிய பசங்களுக்கு நான் குடுக்கறது இதுதான்: யாரு எழுதுனது, யாருக்கு, எப்ப, எதுக்காக, இத இன்னொரு காகிதம் ஒத்துக்குதா, கடைசியா இதுல யாரு பேசவே இல்ல. இந்த கடைசி கேள்விய மட்டும் விட்டுராதீங்க. போலீஸ் ரிப்போர்ட்ல பார்க்ஸ் ஒரு வார்த்தை பேசல. வாத்தியார்கள் இத மனப்பாடம் பண்ணி கிளாஸ்ல "ஆறு கேள்வி முறை"ன்னு போர்டுல எழுதிப் போட்டுருவாங்க, அது நம்ம வியாதி, என்ன பண்றது. ஒரு காகிதத்துக்கு ரெண்டு கேள்வி போதும்னு திரும்ப திரும்ப சொல்லுங்க.

பாஷை பிரச்சினை பெருசு. ஆவணம் எல்லாம் இங்கிலீஷ், அதுவும் எழுபது வருஷ பழைய டைப்ரைட்டர் இங்கிலீஷ். தமிழ்ல எழுதி குடுங்க ஆனா அசல் ஜெராக்ஸும் கூடவே இருக்கணும், அந்த அடிச்சு திருத்துன எழுத்து, சீல், கையெழுத்து இதப் பாத்தாதான் இது ஒரு மனுஷன் கையில இருந்த காகிதம்னு நம்பிக்கை வரும். தமிழாக்கத்த அழகு பண்ணாதீங்க. அப்பறம் அந்த காலத்து சொல்லு வரும், நீக்ரோ, கலர்ட் அப்படின்னு. காகிதத்துல இருக்கறத மாத்தாம படிக்கலாம், நாம பேசும்போது கறுப்பின மக்கள்னு சொல்லணும், இந்த ரூல காலைலயே போட்டுருங்க. பழைய தமிழ் பத்திரிகையிலயும் அரசாங்க ரெக்கார்டுலயும் சாதிப் பேரு வசவு மாதிரியே வரும், மதியம் அந்த காகிதத்த எடுக்கும்போது இதே ரூல் கை குடுக்கும்.

மதியம் ஊருக்கு வரணும். ஏன் நேரா நம்ம ஊர்லயே ஆரம்பிக்கலன்னு கேப்பாங்க. ஆரம்பிச்சு பாத்தேன். அஞ்சே நிமிஷத்துல "எங்க ஊர்ல அதெல்லாம் இல்ல சார்"ன்னு ஒரு கை தூக்குச்சு, இன்னொரு பக்கம் ஒருத்தர் தலைய குனிஞ்சுக்கிட்டார், அதோட எல்லாரும் பத்திரமா பேச ஆரம்பிச்சுட்டாங்க, அன்னைக்கு செஷன் அங்கயே செத்துப் போச்சு. அமெரிக்கா தூரத்துல இருக்கறதால காலைல எல்லாரும் தைரியமா பேசுவாங்க, காகிதத்த கேள்வி கேக்கற பழக்கம் கைக்கு வந்துரும். அந்த பழக்கத்தோட ஊருக்கு வந்தா கத வேற.

பாலத்துக்கு ஒரு காகிதம் இருக்கு. 1946-ல அம்பேத்கர் அமெரிக்காவுல இருந்த கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதுன லெட்டர், ஒரு பக்கம்தான். இங்க தீண்டத்தகாதவங்க நிலைமையும் அங்க கறுப்பின மக்கள் நிலைமையும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு சொல்லிட்டு, ஐக்கிய நாடுகள் சபைக்கு அங்க குடுத்த மனுவோட காப்பி கிடைக்குமான்னு கேக்கறார். டு பாய்ஸ் ஜூலை 31-ந் தேதி பதில் போடறார். டு பாய்ஸ் காகிதங்கள் இருக்கற மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக தளத்துல ஸ்கேன் இருக்கு, இலவசம்தான்.

அடுத்தது ஊட்டி. சாதிய எதிர்த்து எழுதுன தமிழ் அறிஞர் அயோத்திதாச பண்டிதர் வளர்ந்தது இந்த மலையிலதான். 1891 டிசம்பர் 1-ந் தேதி அவர் ஊட்டியில கூட்டுன மாநாட்டுல பத்து தீர்மானம் போட்டு காங்கிரசுக்கு அனுப்பினார். பள்ளிக்கூடம், சர்க்கார் வேலை, பொதுக் கிணறு குளத்துல தண்ணி எடுக்கற உரிமை, சாதிப் பேர சொல்லி இழிவு பண்றவங்களுக்கு தண்டனை, கோர்ட்டு ஆபீசுன்னு மத்தவங்க போற எடத்துக்கு தாராளமா போயி உக்கார்ற உரிமை. நான் கடைசியா சொன்ன அந்த உக்கார்ற தீர்மானத்த வாசிக்க சொல்லிட்டு பஸ் வரைபடத்த பக்கத்துல வச்சேன், நான் ஒண்ணும் பேசல. கூடலூர்ல இருந்து வந்த ஒரு சார் ரொம்ப நேரம் ரெண்டையும் பாத்துக்கிட்டே இருந்துட்டு, "64 வருஷம் முன்னாடி"ன்னு மட்டும் சொன்னார், கணக்கு போட்டிருக்கார் மனுஷன். ஊட்டிலயே பொறந்து வளந்து சமூக அறிவியல் நடத்தற டீச்சருங்க பாதி பேருக்கு இந்த மாநாடு தெரியாது, எனக்கும் நாப்பது வயசு வரைக்கும் தெரியாது, அந்த எரிச்சல்லதான் இந்த பயிற்சிக்கே வந்தேன்னு வச்சுக்கங்க. அதே கேள்விய இங்கயும் கேக்கணும், சும்மா பெருமைப்பட்டுக்கிட்டு போயிறக் கூடாது. இந்த தீர்மானங்கள் நமக்கு யார் மூலமா கிடைச்சுது, எப்ப எழுதுனது, மாநாட்டுக்கு வந்தவங்க பேரு எங்கயாவது இருக்கா, பெண்கள் இருந்தாங்களா. 1907-ல அவர் ஆரம்பிச்ச ஒரு பைசா தமிழன் பத்திரிகை எழுத்துங்க தொகுப்பா கிடைக்குது, அதுல ரெண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து வைங்க, அந்த காலத்து தமிழ் படிக்க கஷ்டமா இருக்கும், சத்தமா படிக்க வைங்க.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி எஸ்டேட் பக்கம் ஸ்கூல்னா இன்னொரு காகிதம் உங்க கிளாஸ்லயே இருக்கு. 1964 அக்டோபர் 30-ல இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில இருந்த இந்திய வம்சாவளி ஜனங்க எந்த நாட்டுக்குன்னு பிரிச்சது, அதுல 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர அப்பறமா பேசிக்கலாம்னு விட்டுட்டாங்க. ஒப்பந்த வாசகத்துல அந்த ஜனங்க என்ன விரும்புனாங்கன்னு எங்கயாவது கேட்டிருக்கான்னு தேட சொல்லுங்க. தாத்தா பாட்டியோட பாஸ்போர்ட், இலங்கையில இருந்து வந்தவங்கள தங்க வச்ச மண்டபம் கேம்ப் காகிதம் பல வீட்டுல டிரங்குப் பெட்டியில இருக்கு. ஆனா ஒண்ணு, அத பசங்கள விட்டு கொண்டு வர சொல்லாதீங்க. ஒரு வாத்தியார் ஆர்வக் கோளாறுல கொண்டு வர சொல்லி, போட்டோ எடுத்து குரூப்ல போட்டு, ஒரு குடும்பத்துக்கு பெரிய சங்கடமாயிருச்சு. குடியுரிமை காகிதம் விளையாட்டு இல்ல. பெரியவங்க தானா வந்து காட்டினா பாத்துட்டு அங்கயே திருப்பி குடுத்துருங்க.

கஷ்டமான ஆவணம் ஒண்ணு வேணும்னா இத வைங்க. அமெரிக்க கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1959-ல இந்தியா வந்தப்ப திருவனந்தபுரத்துல ஒரு ஸ்கூலுக்கு போனதாவும், அங்க பிரின்சிபால் அவர "அமெரிக்காவுல இருந்து வந்திருக்கற ஒரு சக தீண்டத்தகாதவர்"னு அறிமுகம் பண்ணதாவும், மொதல்ல சுருக்குன்னு இருந்து அப்பறம் ஆமா நான் அதான்னு பட்டதாவும் கிங்கே சொல்லியிருக்கார். கேட்டா சிலிர்க்கும். இப்ப கேள்வி: எப்ப சொன்னார்? 1965 ஜூலை 4, அட்லாண்டாவுல அவரோட சர்ச்சுல பிரசங்கத்துல. ஆறு வருஷம் கழிச்சு, தன் ஆளுங்க முன்னாடி, ஒரு கருத்த பதிய வைக்கறதுக்காக. அப்ப அந்த கதை பொய்யா? டீச்சருங்க உடனே ரெண்டு கட்சியா பிரிவாங்க. பொய்யின்னும் முடிவு பண்ண வேணாம், அப்படியே நடந்துச்சுன்னும் முடிவு பண்ண வேணாம், இது 1959-ல ஸ்கூல்ல என்ன நடந்துச்சுங்கிறதுக்கு பலவீனமான சாட்சி, 1965-ல கிங் சாதிய எப்படி பாத்தார்ங்கிறதுக்கு பலமான சாட்சி. இத அவங்க வாயாலயே சொல்ல வச்சிட்டீங்கன்னா அன்னைக்கு பயிற்சி ஜெயிச்சாச்சு.

சில எச்சரிக்கை. நாடகம் போடாதீங்க. நீ வெள்ளக்காரன், நீ கறுப்பன், எந்திரின்னு பசங்கள நடிக்க வைக்கற ஐடியா ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க, நல்ல மனசோடதான் சொல்லுவாங்க, வேணாம்னு கறாரா சொல்லிருங்க, அவமானத்த நடிச்சு கத்துக்க முடியாது, மாட்டிக்கிற பையன் அடுத்த ஆறு மாசம் அந்த பேரோட சுத்துவான். அதே மாதிரி தலித் பையனையோ பழங்குடி பொண்ணையோ பாத்து "உங்க வீட்டுல எப்படிம்மா"ன்னு கேக்கக் கூடாது. அவங்களா சொன்னா கேட்டுக்கலாம். போட்டோ தேர்வுலயும் கவனம், 1957-ல அமெரிக்காவுல லிட்டில் ராக் ஊர்ல, அதுவரைக்கும் வெள்ளையர் மட்டும் படிச்ச ஸ்கூல்ல சேர வந்த கறுப்பின பொண்ணு எலிசபெத் எக்ஃபோர்டு தனியா ஸ்கூலுக்கு நடக்க பின்னாடி கூட்டம் கத்தற படம் போதும், அடிச்சு கொன்ன படமெல்லாம் எட்டாவது பசங்களுக்கு தேவையில்ல.

சாமான் விஷயம் சுருக்கமா. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பக தளத்துல போலீஸ் ரிப்போர்ட்டும் பஸ் படமும் இலவசமா இறங்கும், ஆனா வீட்டுலயே இறக்கி பென் டிரைவ்ல எடுத்துட்டு போங்க, பாதி ஸ்கூல்ல டவர் கிடையாது. பஸ் படத்த ஏ3-ல போடுங்க, ஏ4-ல எழுத்து கரைஞ்சிரும். ஜெராக்ஸ் கடைக்காரர் டார்க்கா வச்சுருவார், ஒரு காப்பி எடுத்து பாத்துட்டு மிச்சம் எடுங்க. கிங்கோட பேச்சு, பர்மிங்காம் சிறையில இருந்து அவர் எழுதுன கடிதம் இதுக்கெல்லாம் காப்புரிமை இருக்கு, முழுசா அச்சடிச்சு விநியோகம் பண்ணாம ரெண்டு பத்தி மட்டும் எடுங்க, அதுவும் 1963-ல எட்டு வெள்ளை மதகுருக்கள் பொறுமையா இருங்கன்னு விட்ட அறிக்கைய பக்கத்துல வச்சு படிச்சாத்தான் அந்த கடிதம் யாருக்கு பதில்னு புரியும்.

மூணு மணிக்கு மேல எல்லாருக்கும் கண்ணு பஸ் டைம் மேலதான் இருக்கும், அதனால பாடத்திட்டம் எழுத வைக்கறத ரெண்டு மணிக்கே ஆரம்பிச்சுருங்க. ஒரு பீரியடு, 40 நிமிஷம், ரெண்டு காகிதம், ரெண்டு கேள்வி, அவ்வளவுதான். அதுல வாத்தியார் பேசற நிமிஷத்த தனியா குறிக்க சொல்லுங்க, பத்துக்கு மேல போனா திருப்பி குடுங்க. பசங்கள மதிப்பிட ஒன்வேர்டு வேணாம், அஞ்சு வரி எழுதட்டும், ஒவ்வொரு வரியும் எந்த காகிதத்துல இருந்து வந்துச்சுன்னு ஓரத்துல குறிக்கட்டும். ஒரு எட்டாங்கிளாஸ் பையன் "டிரைவர் சொன்னத போலீஸ் எழுதிச்சு, பார்க்ஸம்மாவ கேக்கல, 1-ம் காகிதம்"னு எழுதியிருந்தத அவங்க டீச்சர் எனக்கு காட்டுனாங்க, எழுத்துப் பிழை நாலு இருந்துச்சு.

கிளம்பறதுக்கு முன்னாடி அடுத்த சனிக்கிழமை தேதிய அங்கயே குறிச்சுருங்க. அன்னைக்கு ஒவ்வொருத்தரும் கிளாஸ்ல நடத்திட்டு, பசங்க எழுதுன அஞ்சு பேப்பரோட வரணும், அதுல ஒண்ணாவது வாத்தியாருக்கு பதில் தெரியாத கேள்வியா இருக்கணும். பிபிடி கேட்டா இல்லன்னு சொல்லிருங்க.